செவுத்துல எழுதுன நம்பர்

செல்போன் கம்பெனியை மாத்தறதா வேண்டாமான்னு மாசாணம் யோசிக்க ஆரம்பிச்சது பங்குனியில. முடிவுக்கு வந்தது வைகாசி கடைசியில. நடுவுல அத்தனை நாளும் எங்கடைப் பெஞ்சுலதான் உக்காந்து யோசிச்சாப்ல. அந்த நேரத்துக்கு ஒரு கெணறே வெட்டியிருக்கலாம். "மாத்தறதுன்னா மாத்து, இல்லீன்னா உட்டுத்தள்ளு, என்ற தலையப் போட்டு உருட்டாத"ன்னு நானும் வாய் ஓயாமச் சொல்லிப் பாத்தேன். "செரீங்கண்ணா"ன்னு சொல்லிப்போட்டு இன்னொரு டீக்குச் சொல்லுவாப்ல. அவ்வளவுதான்.

என்ற பேரு அரங்கசாமி. கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, எரிஞ்ச மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. மாசாணத்துக்கு மோட்டார் எறக்கற வேலை. போர்க்குழிக்குள்ள கெடக்கற மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னா தூக்கி எங்கிட்டக் கொண்டாந்து போடுவாப்ல. நான் கட்டிக் குடுத்தா மறுக்காக் கொண்டுபோயி எறக்குவாப்ல. இருவது வருசமா இதே பொழப்புத்தான் ரெண்டு பேருக்கும். அவுங்கப்பன் கடைசி வரைக்கும் அடுத்தவங்க பண்ணையத்துல ஆளா இருந்து செத்தவரு. அந்தக் குடும்பத்துல மொதமொதல்ல மம்முட்டிய வெச்சுப்போட்டு ரெஞ்சு புடிச்சது மாசாணந்தான்.

மோட்டார் தூக்கறத வேடிக்கை பாத்தவங்களுக்குத் தெரியும், அது சாமானியப்பட்ட வேலையில்ல. அறுநூறடி போருன்னா இருவதடிப் பைப்பு முப்பது. மூணு காலு நட்டு, செயின் பிளாக்கை மாட்டி, ஒவ்வொரு பைப்பா மேல இழுத்து, கிளாம்பு போட்டு நிறுத்தி, ரெஞ்சு போட்டுக் கழட்டி, அக்கட்டால சாத்திவெச்சு, மறுக்கா இழுக்கோணும். கிளாம்பு ஒருக்கா வழுக்குச்சுன்னா முப்பது பைப்பும் மோட்டாரும் உள்ள போயிரும், போரே வீணாப்போயிரும். அதனால மாசாணத்துக்கு ஒரு சட்டம். செயின் கையில இருக்கறப்ப யாரும் பேசக்கூடாது, கூப்புடக்கூடாது. இடி உழுந்தாலும் கிளாம்பு போட்டுப்போட்டுத்தான் திரும்பிப் பாப்பாப்ல.

எங்க பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு. மோட்டார் ரூமுக்குள்ள, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் செவுத்துல, மோட்டார் எறக்குனவரு பேரு, தேதி, எத்தனை அடி, எத்தனை பைப்பு, எல்லாத்தையும் பெயிண்டுல எழுதி வெச்சுப்போடுவாங்க. அடுத்த தடவை தூக்கறவனுக்கு அதுதான் அந்தப் போரோட ஜாதகம். மாசாணத்துக்குக் கையெழுத்து கோழி கிண்டுனாப்புல இருக்கும். அதனால அந்த எழுத்து வேலை பூராவும் அவரு புள்ள மதிவதனி பாத்துக்குச்சு. ஒரே புள்ள. பன்னெண்டு வயசுலயே டிவிஎஸ் அம்பதுல பின்னால உக்காந்து, மடியில நீலப் பெயிண்டு டப்பாவ வெச்சுட்டுப் போகும். அச்சடிச்சாப்புல எழுதும். கிணத்துக்கடவுல இருந்து நெகமம் வரைக்கும் இருநூறு மோட்டார் ரூமாவது இருக்கும், அந்தப் புள்ளையோட எழுத்து இருக்கறது.

பிளஸ்டூ முடிச்சுப்போட்டு பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்துல வேலைக்கு நின்னுச்சு. அதுதான் அப்பனை நச்சரிச்சு செல்போனு வாங்க வெச்சது. பொள்ளாச்சித் தேங்காய் யாவாரி ஒருத்தரு புதுசு வாங்கறப்ப பழசக் குடுத்தாரு, செங்கல்லாட்ட இருக்கும். பாரத்தை நிரப்புனது, நம்பரத் தேர்ந்தெடுத்தது, அப்பறம் மூணு மாசம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை சுத்தி இருநூறு செவுத்துலயும் அந்த நம்பர எழுதுனது, எல்லாம் மதிதான்.

அந்த பூத்துக்கு ஜெரோம்னு ஒரு பையன் வருவான். மேட்டுப்பாளையத்துக்காரன். போர் ஓட்டற லாரியில டிரில்லரு. தெனமும் பொழுதோட திருச்செங்கோட்டு ஆபீசுக்குப் போன் பண்ணி, இன்னிக்கு எத்தனை அடி ஓட்டுனம்னு சொல்லோணும். சொல்லறதுக்கு ரெண்டு நிமிசம் போதும். இவன் அரை மணி நேரம் நின்னுருக்கான். எனக்குக் கண்ணு இருந்து என்ன புண்ணியம், நான் காயிலப் பாத்துட்டு உக்காந்துருந்தேன்.

தொண்ணூத்தேழு ஐப்பசியில ஒரு நாளு மாசாணம் எங்கடையில இருக்கறப்ப போன் அடிச்சுது. மதி கோயமுத்தூர்ல ஒரு பூத்துல இருந்து பேசுச்சு. ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லுச்சு. எனக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு கேக்கலை, இந்தப் பக்கம் மட்டுந்தான் கேட்டுது.

"லாரிக்காரனையா? இன்னிக்கு ஆந்திரா, நாளைக்கு ஒரிசான்னு போறவனையா? … எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ? … பேசாத. இனிமே இந்த நம்பருக்கு நீ போன் பண்ணக்கூடாது. சொல்லிப்போட்டேன். இந்த நம்பருக்குப் பண்ணவே கூடாது."

பொத்தான அமுக்கிப்போட்டு உக்காந்தாப்ல. வேர்வை ஊத்துது. மூஞ்சியத் தொடச்சுட்டு, "வர்ற போனுக்கும் காசு புடிக்கறானுகளாமுங்கண்ணா இந்தக் கம்பெனிக்காரனுக"ன்னாப்ல. நான் தலையாட்டுனேன். வேற என்ன பண்றது?

அப்பறம் அந்தப் புள்ள கூப்புடவே இல்லை. தை மாசத்துல பாவாத்தா, அதான் மாசாணத்தோட ஊட்டுக்காரி, ரெண்டு பஸ்சு மாறி மேட்டுப்பாளையம் போயிப் பாத்துட்டு வந்துச்சு. ஊட்டைக் காலி பண்ணிப்போட்டு எங்கியோ போயிட்டாங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்லிட்டாங்க. ஒருத்தரு சூலூருல பாத்தேம்பாரு, ஒருத்தரு ஓசூர்ல பாத்தேம்பாரு. ஒண்ணும் நெசமில்லை.

இப்ப சொல்லுங்க, அந்த நம்பர மாத்தறது லேசான காரியமா? அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அவுங்க ஊட்டுக்கு லேண்டு லைனு இல்லை. போன் பண்ணாதேன்னு சொன்ன வாயி, ராத்திரி பகலா அந்தப் போனையே பாத்துட்டுக் கெடந்துச்சு.

*

மாத்தியே ஆகோணும்னு வந்தது தொண்ணூத்தொம்பது கோடையில. மழையே இல்லை. போரெல்லாம் தண்ணி எறங்கிப்போயி, மோட்டாரு காத்தை இழுத்து எரியுது. எங்கடையில எரிஞ்ச மோட்டாரு காலு வெக்க எடமில்லாமக் கெடக்குது, அதுல முக்காவாசி நெகமத்துக்காரன் ஒருத்தன் தூக்குனது. மாசாணம் தூக்குனது கால்வாசி கூட இல்லை.

காரணம் டவருதான். மாசாணம் வெச்சிருந்த கம்பெனிக்கு டவரு ரோட்டோரம் மட்டுந்தான் எடுக்கும். அவரு ஊடு இருக்கற சிங்கையன்புதூர்ல சுத்தமா இல்லை. ஊருக்குள்ள இருக்கற ஓவர்ஹெட் டேங்கு மேல ஏறுனா ரெண்டு கோடு வரும். அம்பத்திரண்டு வயசுல, முட்டி வலியோட, வெடியால ஒருக்கா பொழுதோட ஒருக்கா அந்த இரும்புப் படியில ஏறி டேங்கு மேல உக்காந்துக்குவாப்ல. ஊருல பசங்க, "மாசாணண்ணன் தண்ணிக்குக் காவலு"ன்னு கிண்டல் பண்ணுவானுக.

மாசியில புதுக் கம்பெனிக்காரன் அதே ஊருல ரேசன் கடைக்குப் பின்னால டவரு நட்டுப்போட்டான். மாசாணம் ஊட்டு வாசல்ல இருந்து பாத்தா அந்தச் செகப்பு லைட்டு தெரியும். நெகமத்துக்காரன் கையில அந்தக் கம்பெனி போனுதான். எப்பக் கூப்புட்டாலும் எடுப்பான்.

தாமரைக்குளத்துக் குமாரசாமி ஒரு நாளு வெடியால எங்கடைக்கே வந்துட்டாரு. முப்பது ஏக்கரா தென்னை. எங்க பக்கம் பெரிய தோட்டத்துக்காரங்கள பண்ணாடின்னுதான் கூப்புடுவாங்க.

"ஏப்பா மாசாணம், நேத்து பொழுதோட இருந்து உன்னையக் கூப்புடறேன். எவளோ ஒருத்தி இங்கிலீசுல பேசறா. நானும் ஏனுங்க ஏனுங்கன்னு பத்துத் தடவை சொல்லிப்போட்டேன், அவ பாட்டுக்கு அதையே சொல்லறா."

"டவரு இல்லீங்க பண்ணாடி. மேல ஏறுறதுக்குள்ள…"

"என்ற மரம் உன்ற டவருக்காகக் காத்திருக்குமா? நெகமத்துக்காரனை வரச்சொல்லிப்போட்டேன். அவன் தூக்கியும் போட்டுட்டான். கோவிச்சுக்காத."

"கோவிச்சுக்க என்னங்க இருக்குது."

"போனை மாத்தப்பா. என்ற பையன் கூட அதத்தான் வெச்சிருக்கான்."

அவரு போனதுக்கப்பறம் கூட வேலை செய்யற வேலன், பாவாத்தாளோட தம்பி, ரெஞ்சைத் தொடச்சுட்டே, "மாமா, எனக்கும் ரெண்டு கொழந்தைக இருக்குதுங்க. நெகமத்துக்காரரு கூப்புடறாரு"ன்னு மொள்ளச் சொன்னான். மாசாணம் அவன் மூஞ்சியக் கூடப் பாக்கலை. "போறதுன்னா போ சாமி, நாஞ் சொல்லறதுக்கு என்ன இருக்குது"ன்னாப்ல. வேலன் போகலை. ஆனா அந்த வாரம் பூரா சோறு எறங்காம ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க.

நாந்தான் மனசு கேக்காம, புதுக் கம்பெனிக்கு ஆளு புடிக்கற மனோஜ்குமாரைக் கடைக்கு வரச்சொன்னேன். வேகாத வெயில்ல கழுத்துல டை கட்டிட்டு வந்தான், பாவம். பொறுமையாத்தான் சொன்னான்.

"ஒரே ஒரு விசயந்தாங்க கேக்கோணும்"னாப்ல மாசாணம். "கம்பெனி மாத்துனா நம்பரு மாறுமுங்களா?"

"மாறுமுங்க. கம்பெனி வேற, நம்பரு வேறதானுங்களே."

"பழைய நம்பரயே அவத்த இருந்து இவத்த கொண்டாந்துக்க முடியாதுங்களா? எருமைய வித்தாக் கூட கவுறு நம்மகிட்டத் தானுங்களே இருக்கும்?"

மனோஜ்குமார் சிரிக்கலை, அது அந்தப் பையனோட நல்ல கொணம். "அந்த வசதி இன்னும் வல்லீங்க. வேணும்னா ரெண்டையும் வெச்சுக்கோங்க."

"ரெண்டு போனுக்கு வாடகை கட்ட நானென்ன மில்லு மொதலாளியா கண்ணு."

"அப்ப எல்லாருக்கும் புது நம்பரச் சொல்லிருங்க. அவ்வளவுதாங்க."

"எல்லாருக்கும் சொல்லிரலாங்க"ன்னாப்ல மாசாணம். அப்பறம் எந்திரிச்சு வெளிய போயி மூஞ்சியக் கழுவீட்டு வந்தாப்ல.

அன்னிக்கு நான் விடலை. "ஏன்யா, ஒண்ணரை வருசமாக் கூப்புடாதவ இனியா கூப்புடப் போறா? பொழப்பப் பாரு"ன்னு கத்திட்டேன். எரிச்சல்ல வந்துருச்சு. சொல்லியிருக்கக் கூடாது.

"எனக்கென்னங்கண்ணா, நான் மாத்திப்போடுவேன். பாவாத்தாதான் ஒத்துக்க மாட்டேங்குது. புள்ள கூப்புடும், நம்பர மாத்தாதீங்கன்னு அழுகுது"ன்னாப்ல.

செரி, அந்தம்மாகிட்ட நாமளே பேசிருவம்னு ஞாயித்துக்கெழமை நான் சிங்கையன்புதூருக்குப் போனேன்.

*

சாப்பாட்டு நேரத்துக்குப் போயிட்டேன். பாவாத்தா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்துச்சு. வட்டல்ல போட்டு, நெய்யி இல்லைன்னு வருத்தப்பட்டுக்கிட்டே நல்லெண்ணெய் ஊத்துச்சு. மாசாணம் செவுத்துல சாஞ்சு உக்காந்து முட்டிக்குத் தைலம் தேச்சுட்டிருந்தாப்ல. அனல் காத்து ஓட்டுச் சந்துல பூந்து வருது. நான் ரெண்டு வாய் சாப்புட்டுப்போட்டு, தொண்டையக் கனைச்சுட்டு ஆரம்பிச்சேன்.

"ஏம்மா பாவாத்தா, நீ மனசு வெச்சாத்தான் ஆகும். நம்பர மாத்தவே கூடாதுன்னு நீ நின்னா மாசாணம் என்ன பண்ணுவாப்ல?"

பாவாத்தா கரண்டியக் கீழ வெச்சுட்டு என்னையப் பாத்துச்சு. "யாருங்கண்ணா, நானுங்களா?"

"பின்ன?"

"நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்? அவரு சொன்னாருங்களா அப்பிடி?"

நான் மாசாணத்தைப் பாத்தேன். மாசாணம் முட்டியப் பாத்தாப்ல.

"நல்லாருக்குதுங்க நாயம்"னு எந்திரிச்சுச்சு பாவாத்தா. "ஒண்ணரை வருசமா அந்த டேங்கு மேல ஏறி உக்காந்துக்கறாரு. தவறி உழுந்துருவாரோன்னு நான் கீழ நின்னுக்கறேன். சோத்தப் போட்டு வெச்சுட்டு நின்னுக்கறேன். எனக்குச் சலிச்சுப்போச்சுங்கண்ணா. எனக்குக் காலுல தெம்பில்லை, மனசுல தெம்பில்லை. மாத்துங்க மாத்துங்கன்னு சித்திரை நோம்பியில இருந்து நாந்தான் கத்தறேன். இவரு எம்மேல பழியப் போட்டுட்டு உங்க கடையில டீக் குடிக்கறாருங்களா?"

"ஏ புள்ள, அண்ணன் சாப்புடட்டும்…"

"சாப்புடட்டும். கேட்டுட்டே சாப்புடட்டும். அந்த நம்பருக்குக் கூப்புடாதேன்னு சொன்னது யாருங்க? நானா? அவ யாரு பெத்தது? உங்க புடிவாதம் எங்க போகும்? ஒருக்கா எஸ்கர்சன் போக வேண்டாம்னு சொன்னீங்கன்னு, அப்பறம் போடீன்னு கெஞ்சியும் போகாதவ அவ. கூப்புடாதேன்னு சொன்ன நம்பருக்கு அவ செத்தாலும் கூப்புட மாட்டா. அந்த நம்பரு நீங்க வாயி உட்ட அன்னிக்கே செத்துப்போச்சு. செத்த நம்பர வெச்சுட்டு டேங்கு மேல உக்காந்தா எங்கிருந்து வருமுங்க போனு?"

மாசாணம் தைலத்தை மூடி வெச்சாப்ல.

பாவாத்தா கண்ணத் தொடச்சுட்டு மறுக்காவும் உக்காந்துச்சு. கொரலு எறங்கிருச்சு. "மாத்துங்க. புது நம்பருக்குக் கூப்புடாதேன்னு நீங்க சொல்லலீல்ல? அதுக்குக் கூப்புட்டா அவ உங்க பேச்ச மீறுனாப்புல ஆகாதுங்களே."

சத்தியமாச் சொல்லறேன், இருவது வருசமா காயில் கட்டறேன், இப்பிடி ஒரு கனெக்சன் எனக்குத் தோணவே இல்லை.

மாசாணம், "புது நம்பரு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"னு கேட்டாப்ல.

"எழுதுங்க. செவுத்துல எழுதறதுதான நம்ம பொழப்பு. என்னிக்காச்சும் கண்ணுல படாதா?"

"அதுக்கு அவ எழுதுனத அழிக்கோணுமேடி." அப்பத்தான் மாசாணத்தோட கொரலு ஒடஞ்சுது. "இருநூறு செவுத்துல அவ கை இருக்குது. ஒவ்வொரு தோட்டத்துலயும் ரூமத் தொறந்தவொடனே அதத்தான் பாக்கறேன். நானே சுண்ணாம்பு அடிச்சு அழிக்கோணுங்கறியா? ஊட்டுல அவ போட்டோ கூட ஒண்ணு நல்லா இல்லை."

இதுதான் விசயம். டவருமில்லை, வாடகையுமில்லை. மூணு மாசமா எங்கடைப் பெஞ்சுல உக்காந்து அந்தாளு யோசிச்சது இதைத்தான்.

"அழிக்க வேண்டாமுங்க"ன்னுச்சு பாவாத்தா. "அதுக்குக் கீழ எழுதிக்கோங்க."

*

மறுநாளே மனோஜ்குமாரைக் கூப்புட்டுக் கையெழுத்துப் போட்டாப்ல. பழைய சிம்மைக் கழட்டி ரேசன் கார்டு உறைக்குள்ள வெச்சுக்கிட்டாப்ல. எதுக்குன்னு நான் கேக்கலை.

அப்பறம் பெயிண்டு டப்பாவத் தூக்கிட்டுத் தோட்டந் தோட்டமாச் சுத்துச்சு அந்த மனுசன். மதி எழுதுனதுக்குக் கீழ இவரு கோழிக் கிறுக்கல்ல புது நம்பரு. எட்டுன்னு போட்டா சிலேபியாட்டத் தெரியும். "ரெண்டு நம்பரு இருக்குதே, எதுக்குப்பா கூப்புடறது?"ன்னு கேட்டவங்ககிட்டயெல்லாம், "கீழ அசிங்கமா இருக்கறதுக்குக் கூப்புடுங்க"ன்னாப்ல.

ஆனா உள்செவுத்துல எழுதுனா ரோட்டுல போற புள்ளைக்கு எப்பிடித் தெரியும்? அதுக்குத்தான் தாமரைக்குளத்துக் குமாரசாமியோட மோட்டார் ரூமு. அது பொள்ளாச்சி ரோட்டு மேலயே இருக்குது. கோயமுத்தூருல இருந்து வர்ற எந்த பஸ்சுல சன்னலோரம் உக்காந்தாலும் அந்தச் செவுரு கண்ணுல படும். "ரோட்டுப் பக்கம் எழுதிக்கறனுங்க பண்ணாடி"ன்னு கேட்டதுக்கு, "செவுரு பூராவும் எழுதிக்க"ன்னுட்டாரு அவரு.

ஆனி மொத வாரம். பாலக்காட்டுக் காத்து அடிச்சு நொறுக்குது. ஏணிய வேலன் புடிச்சுக்க, மாசாணம் நாளெல்லாம் நின்னு எழுதுனாப்ல. "மாசாணம், மோட்டார் எறக்குதல் ஏற்றுதல்"னு ஆளொசரத்துக்கு. அதுக்குக் கீழ புது நம்பரு. பெயிண்டு பாதி செவுத்துல, பாதி மேலுல. பொழுதோட எங்கடைக்கு வந்து, "அண்ணா, வந்து பாருங்க"ன்னு கூட்டிட்டுப் போனாப்ல. பாத்ததும் எனக்குத் திக்குன்னுச்சு.

பழக்க தோசம் பாருங்க. இருவது வருசமா மோட்டார் ரூமுல எழுதறப்ப எதை எதை எழுதுவாங்களோ அத்தனையும் இங்கயும் எழுதிப்போட்டாப்ல. நம்பருக்குக் கீழ தேதி. தேதிக்குக் கீழ, "600 அடி, பைப்பு 30."

எங்க பக்கம் பொண்டாட்டி நகை எத்தனை பவுனுன்னு கேட்டாக் கூடச் சொல்லிருவாங்க. போரு எத்தனை அடின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாங்க. தெரிஞ்சா பக்கத்துக் காட்டுக்காரன் எழுநூறு ஓட்டிருவான், தண்ணிய உறிஞ்சிருவான். அதனாலதான் அது பூட்டுன ரூமுக்குள்ள இருக்கறது. மாசாணம் அதை நேசனல் ஹைவேசுல எழுதி வெச்சிருக்குது.

"அய்யய்யோ, அத மொதல்ல அழி மாசாணம்."

"காலையில அழிச்சுப்போடறனுங்கண்ணா. கையத் தூக்க முடியல"ன்னாப்ல. மறுநாளு வெடியாலயே நெகமம் பக்கம் ஒரு வேலை வந்து போயிருச்சு, அடுத்த நாளும் அப்பிடியே. மூணாம் நாளு குமாரசாமி கண்ணுல பட்டுருச்சு. மனுசன் தையாத் தக்கான்னு குதிச்சாரு. அந்த வரிய மட்டும் அழிக்கலை அவரு. ஆளை உட்டு செவுரு பூராவும் சுண்ணாம்பு அடிச்சுப்போட்டாரு. பேரும் போச்சு, நம்பரும் போச்சு.

மாசாணம் போயி அந்த வெள்ளைச் செவுத்தப் பாத்துட்டு வந்து பெஞ்சுல படுத்துக்கிச்சு. மறுக்கா எழுதக் கேட்டா குமாரசாமி ஒத்துக்குவாரா? மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கறாரு.

"மூணு நாளுங்கண்ணா"ன்னாப்ல. "மூணே நாளு இருந்துச்சு. அவ வருசத்துக்கு ஒருக்காக் கூட இந்தப் பக்கம் வர்றாளோ என்னமோ. என்ற கைதான் என்ற எதிரி."

"டீக் குடிக்கிறியா?"ன்னேன். வேண்டாம்னுட்டாப்ல. அந்தாளு எங்கடையில டீ வேண்டாம்னு சொன்னது அன்னிக்கு ஒருக்காத்தான்.

வேலை மட்டும் நல்லா வந்துச்சு. ஊட்டுக்குள்ளயே டவரு எடுக்குது, ஒரு போனு தவறலை. டேங்கு மேல ஏறுறதும் நின்னுருச்சு. தெனமும் ரெண்டு போரு, மூணு போரு. ஆனா மனுசன் மோட்டார் தூக்கறப்ப பாத்தா கெணத்துல இருந்து தன்னையே தூக்கறாப்புல இருந்துச்சு, அவ்வளவு அசதி. போன் அடிச்சா முன்னெல்லாம் பறந்துட்டு எடுத்தவரு, இப்ப அஞ்சாறு ரிங்கு உட்டுப்போட்டு, "சொல்லுங்க"ன்னுவாப்ல.

*

ஆடி மொத வாரம். வடசித்தூருல ஒரு தென்னந்தோப்பு. கட்டி முடிச்ச மோட்டார எடுத்துட்டு நானும் போயிருந்தேன். காத்து மட்டைகளப் பிச்சுப் போடுது, மழை மட்டும் இல்லை. மாசாணம் செயின் இழுக்குது, வேலன் ரெஞ்சோட நிக்கறான். இருவத்தேழாவது பைப்பு எறங்கிட்டிருக்குது. மாசாணத்தோட சட்டையும் போனும் மோட்டார் ரூமுக்குள்ள ஆணியில தொங்குது.

போன் அடிச்சுது. நான் உள்ள போயி எடுத்தேன்.

"மோட்டார் எறக்கறவருங்களா?"ன்னு ஒரு பொம்பளக் கொரலு. காத்துல சரியாக் கேக்கலை.

"அவரு செயினப் புடிச்சிருக்காருங்க. எங்கிட்டச் சொல்லுங்க."

"செயின் கையில இருக்குதுங்களா? அப்ப கூப்புட வேண்டாமுங்க."

"பரவால்லீங்க, என்ன விசயமுங்க? மோட்டார் எரிஞ்சுபோச்சுங்களா?"

"ஆமாங்க… தண்ணி வரலீங்க."

"எத்தனை அடி போருங்க?"

"அறுநூறுங்க. பைப்பு முப்பதுங்க."

எனக்கு அங்கயே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஊட்டுல இருக்கற பொம்பளைக யாருக்குத் தெரியும் பைப்பு கணக்கு? "எந்த ஊருங்க?"

"காரமடைங்க."

"காரமடையில இருந்துங்களா? இந்த நம்பரு உங்களுக்கு எப்பிடிக் கெடச்சுதுங்க?"

"தாமரைக்குளத்துல ரோட்டோரம் ஒரு செவுத்துல எழுதியிருந்துச்சுங்க. மாசாணியம்மன் கோயிலுக்குப் போறப்ப பஸ்சுல இருந்து பாத்தேன். திரும்பி வர்றப்ப எறங்கி எழுதிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்துச்சு. "எழுத்து ரொம்பக் கேவலமா இருந்துச்சுங்க."

அந்தச் செவுரு அழிஞ்சு ஒரு மாசமாச்சு. அது இருந்ததே மூணு நாளு. அப்ப இந்தப் புள்ள ஒரு மாசமா அந்த நம்பரக் கையில வெச்சுட்டு, கூப்புடலாமா வேண்டாமான்னு உக்காந்திருக்குது.

"வர்ற போனுக்குக் காசாகுமுங்க. நான் அப்பறம் கூப்புடட்டுங்களா?"ன்னுச்சு.

"வெச்சறாத"ன்னு கத்திட்டேன். "வெச்சறாத கண்ணு. லைன்லயே இரு."

வாசலுக்கு ஓடியாந்து, இருவது வருசத்துல மொதத் தடவையா அந்தச் சட்டத்தை மீறுனேன். "மாசாணம், கிளாம்பு போடு. கிளாம்பப் போட்டுட்டு வா."

மாசாணம் திரும்பிப் பாக்கலை. பைப்ப இன்னும் ஒரு சாண் எறக்கி, கிளாம்பு போட்டு, முறுக்கி, ஒருக்கா ஆட்டிப் பாத்து, செயினத் தளர்த்திட்டுத்தான் வந்தாப்ல. "எவனுக்குச் சாவு வந்துருச்சு?"ன்னு கேட்டுட்டே வந்து, என் மூஞ்சியப் பாத்து நின்னாப்ல. கிரீஸ் கையோட போனை வாங்குச்சு.

"சொல்லுங்க."

அந்தப் பக்கம் என்ன சொல்லுச்சோ தெரியலை. மாசாணம் மெதுவா ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழ உக்காந்தாப்ல. தலைக்கு மேல செவுத்துல மதி எழுதுனது, நீலம் மங்காம அப்பிடியே இருக்குது. அதுக்குக் கீழ இவரு கிறுக்குனது.

"அறுநூறுங்களா?"ன்னாப்ல. "முப்பது பைப்பா… செரீங்க. எப்ப இருந்து தண்ணி வல்லீங்க?"

அந்தப் பக்கம் சொன்னதக் கேட்டாப்ல.

"ஒண்ணரை வருசமாங்களா? அத்தனை நாளா ஏனுங்க சொல்லலை?… ஆமாங்க. நாந்தானுங்க சொன்னேன். நான் சொன்னது தப்புங்க."

நான் வெளிய வந்துட்டேன். அதுக்கு மேல நிக்கறது மரியாதையில்லை. வேலன் ரெஞ்சைப் புடிச்சுட்டு என்ன ஏதுன்னு கேக்கறான். காரமடையில இருக்கற லாரிக்காரன் பொண்டாட்டிக்கு ஏதுடா அறுநூறடி போருன்னு அவங்கிட்ட எப்பிடிச் சொல்லறது? "உன்ற அக்கா மகதான்"னேன். ரெஞ்சைக் கீழ போட்டுட்டான்.

உள்ள இருந்து மாசாணம் கொரலு வந்துட்டே இருந்துச்சு. "எந்த வீதிங்க? … இருங்க, எழுதிக்கறேன்." கீழ கெடந்த கரித்துண்ட எடுத்து, அந்த ரெண்டு நம்பருக்கும் பக்கத்துல செவுத்துல அட்ரஸ் எழுதறது சன்னல் வழியாத் தெரிஞ்சுது. "நாளைக்கு வெடியால வாரேன். ஊட்டுக்காரியையும் கூட்டிட்டு வாரேன். தூக்கிப் பாத்தாத்தான் தெரியும், நேருல வந்தாத்தான் ஆகும்… அவரு இருப்பாருங்களா? லாரிக்குப் போயிருந்தாலும் பரவால்லை. வர்ற வரைக்கும் இருக்கறோம்."

அதோட வெக்கப்போகுதுன்னு நெனச்சேன்.

"மதி"ன்னாப்ல. "இந்த நம்பருக்கு எப்ப வேணும்னாலும் போன் பண்ணு, கண்ணு. காசு ஆனா ஆகட்டும்."

மாசாணம் வெளிய வந்து கண்ணத் தொடச்சதுல மூஞ்சியெல்லாம் கிரீஸு. நேரா வந்து செயினப் புடிச்சாப்ல. இன்னும் மூணு பைப்பு பாக்கி இருந்துச்சு.